ஒன்பது நிலாக்களின் சாமிகளும் எங்கள் சேர்வராயனும்

1

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். பேத்திக்குப் பால் பல் விழுந்து புதுப் பல்லும் முளைத்துவிட்டது, என் தயக்கம்தான் விழவில்லை. இது சாமி விஷயம். ஒரு வார்த்தை பிசகினாலும் திருப்பி வாங்க முடியாது. அதோடு, இது ஒரு விண்வெளிக் கதையைப் பற்றியதும் கூட. சேர்வராயன் சாமி குடியிருக்கிற மலையில், கரடியூரில் காப்பிச் செடிக்கு நடுவே வளர்ந்து, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், வேற்றுக் கிரகத்து மதங்களைப் பற்றிக் கருத்துச் சொல்கிறான் என்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். "குளிர்ல மூளை ஒறஞ்சு போச்சாட்டங்குது" என்பார்கள்.

நியூசிலாந்தில் குளிர் உண்டுதான். மூளை இன்னும் உறையவில்லை. கிவிப் பழத் தோட்டங்கள் நிறைந்த ஒரு கடலோர ஊரில், கொடிகளை வெட்டிக் கட்டுகிற வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டேன். வரும்போது மகன் செந்திலுக்குப் பத்து வயது. என் மனைவி சரோஜா அப்போது கொண்டுவந்த ஆட்டுக்கல் இன்றைக்கும் இருக்கிறது. மகன் கொண்டுவந்த தமிழில் பாதிதான் மிச்சம். அதற்குப் பதிலாக அவன் ஒரு மதத்தைப் பிடித்துக்கொண்டான்.

எந்த மதம் என்றுதானே கேட்பீர்கள்? இங்குள்ள நண்பர் ஒருவரின் மகன் வேறு மதத்துக்குப் போனபோது அவர் அழுதார். நான் ஆறுதல் சொன்னேன். அவருக்காவது போய்ப் பார்க்க ஒரு கோயில் இருந்தது. என் மகன் சேர்ந்த மதம் ஒரு கதைப் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கட்டியவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், அடுத்த பாகம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

2

அந்தக் கதையின் பெயரை எழுதப்போவதில்லை. விளம்பரம் அவர்களுக்குப் போதுமான அளவு இருக்கிறது. நான் வைத்த பெயர் ஒன்பது நிலாக் கதை. ஒரு பெரிய கிரகம், அதைச் சுற்றி ஒன்பது நிலாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜனம், ஒரு மதம். ஒன்பது என்றதும் நவக்கிரகமாக்கும் என்று முதலில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் அங்கே சுற்றிவர ஒருத்தரும் இல்லை. நிலாக்கள்தான் சுற்றுகின்றன.

அதில் ஒரு நிலாவின் மதத்துக்குப் பெயர் முடிச்சு மார்க்கம். அதைச் சேர்ந்தவர்கள் பிறந்ததிலிருந்து முடி வெட்டமாட்டார்கள். ஒரு நிலாவிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வந்தால் சடையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். செந்தில் கல்லூரிக் காலத்திலேயே முடி வளர்க்க ஆரம்பித்தான். துறைமுகத்தில் கணினி வேலை, முதுகில் முழ நீளச் சடை. வேலைக்குச் சேர்ந்ததற்கு ஒரு முடிச்சு, கல்யாணத்துக்கு ஒரு முடிச்சு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது மதம் என்ற இடத்தில் இதையே எழுதினான். அரசாங்கம் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் திருநீறு கொண்டுவந்தபோது விமான நிலையத்தில் கேட்காத கேள்வி இல்லை.

"இது என்ன?"

"சாம்பல்."

"யாருடைய சாம்பல்?"

"சாமியுடையது."

அந்த அதிகாரி அம்மாள் முகம் மாறி, "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்று சொல்லிப் பையை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு விளக்கிச் சொல்ல ஆங்கிலம் போதவில்லை. "சும்மா வாங்க, குடுத்துப்போட்டாங்கல்ல" என்று சரோஜா இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் பேத்தியோடு வந்தது.

மித்ரா மாதம் நிறையாமல் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தாள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, மலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல், ஏதோ ஒரு சுவரைப் பார்த்துக் கும்பிட்டேன். "சேர்வராயா, இவ பொழைச்சா முதல் முடி உனக்குத்தான்" என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்தாள். ஒரு வயதில் ஊருக்குப் போக விசா கூடிவரவில்லை. மூன்றாவது வயதுக்குப் போகலாம் என்று டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்தபோதுதான் செந்தில் சொன்னான்.

"ஏனுங்கப்பா, மித்ராக்கு முடி எடுக்கறதில்லைன்னு நாங்க வெச்சிருக்கறோம்."

"எதுக்கு?"

"எங்க மார்க்கத்துல எடுக்கமாட்டாங்க."

"உங்க மார்க்கத்துல கொழந்தைய கண்ணாடிப் பொட்டியில இருந்து யாரு எடுத்தாங்க?"

"டாக்டருங்கப்பா."

மருமகள் ரேவதி அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடன் வாங்கினால் வட்டியோடு அடைக்கலாம். சாமிக்குச் சொன்ன வார்த்தைக்கு வட்டி என்ன என்று எனக்குத் தெரியாது. மித்ரா தும்மினால்கூட அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

3

சண்டை போட்டால் பிள்ளை தூரப் போவான். அதனால் நான் ஒரு வழி பார்த்தேன். அவன் சாமியை முழுதாகத் தெரிந்துகொண்டு, அதற்குள்ளேயே ஓட்டையைக் காட்டி, அவனை மடக்குவது. மழைக்காலத்தில் தோட்ட வேலை இல்லாத நாட்களில் அந்தக் கதையை எடுத்த டிவித் தொடரைப் போட்டு உட்கார்ந்தேன். புரியாத இடத்தில் செந்தில் சொல்லுவான். அப்பா தன் வழிக்கு வருகிறார் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். காப்பிகூடப் போட்டுக் கொடுத்தான்.

பார்த்தவரையில் என் கருத்துகளைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கதையில் ஒரு நிலா முழுவதற்கும் ஒரே சாமி, ஒரே மொழி, ஒரே மாதிரிச் சட்டை, ஒரே வெயில். எங்கள் அடிவாரத்தில் பஸ் ஏறி மலை உச்சிக்கு வருவதற்குள், இருபது கொண்டை ஊசி வளைவுக்குள், வெயில் மாறுகிறது, காய்கறி மாறுகிறது, பேச்சு மாறுகிறது, வளைவுக்கு ஒரு சாமி மாறுகிறது. டிரைவர் எல்லாச் சாமிக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கும்பிடுவார். அந்த நேரத்தில் பயணிகள் எல்லோரும் சேர்ந்து கும்பிடுவார்கள். ஒரு மலைக்கே இந்தக் கதை என்றால் ஒரு நிலா முழுக்க ஒரே சாமி எப்படிச் சமாளிக்கும்? அந்த எழுத்தாளர் மலை ஏறியதே இல்லை போல.

அங்கே கோயிலை யார் கூட்டுகிறார்கள்? பெரிய பெரிய மண்டபம் காட்டுகிறார்கள், ஒரு விளக்குமாறு இல்லை. செருப்பைக் கழற்றுவதில்லை. கழற்றாததால் திருடும் போவதில்லை. முதல் மரியாதை யாருக்கு என்று ஒரு தகராறு இல்லை. ரசீதுப் புத்தகத்தோடு ஒருத்தர் வீடு வீடாக வருவதில்லை. ஒலிபெருக்கி இல்லை. பூசாரி, பங்காளி, கமிட்டி, ஒன்றும் இல்லாமல் ஒரு மதம் மூவாயிரம் வருடமாக நடக்கிறதாம். எங்கள் ஊரில் மூன்று நாள் திருவிழாவே இவ்வளவும் இருந்தும் தட்டுத் தடுமாறித்தான் நடக்கும்.

பிரசாதமும் இல்லை. ஒன்பது மதங்களில் ஒன்றில்கூட யாரும் யாருக்கும் ஒரு வாய் சுண்டல் கொடுக்கவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்து கப்பலேறிச் சண்டைக்குப் போகிறார்கள். பசியோடு கும்பிட்டால் சண்டைதான் வரும்.

வேண்டுதல்களைப் பார்த்தால் அதைவிட மோசம். பிரபஞ்சம் காப்பாற்றப்பட வேண்டும், இருள் அழிய வேண்டும், இப்படித்தான். காப்பி பூக்கிற நேரத்துக்கு ஒரு மழை பெய்யட்டும் என்று ஒருத்தர் கேட்கவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை அமையட்டும், மாட்டுக்குச் சினை நிற்கட்டும், பக்கத்து ஊர் வெள்ளக்கடைக்குப் போன பையன் வண்டியை மெதுவாக ஓட்டி வரட்டும் என்று ஒரு குரல் இல்லை. இருளை அழிக்கிற சாமிக்கு இதெல்லாம் சின்ன வேலையாக இருக்கலாம். எங்களுக்கு அந்தச் சின்ன வேலை செய்கிற சாமிதான் வேண்டும்.

இதையெல்லாம் ஒரு நாள் சாப்பிடும்போது வரிசையாகச் சொன்னேன். செந்தில் கோபப்படவில்லை. கண் பளபளக்கக் கேட்டான்.

"அப்பா, இத நீங்க எங்க கூட்டத்துல வந்து பேசோணும்."

"அடப் போடா. எவனாச்சும் அடிக்க வருவான்."

"வரமாட்டாங்க. அங்க எல்லாரும் நொம்ப நல்லவங்க."

"போயிட்டு வாங்களே" என்றாள் சரோஜா. "ஊட்டுல உக்காந்து டிவிய வையறதுக்கு அங்க போயி நேர்லயே வைஞ்சுபோட்டு வாங்க."

4

கூட்டம் ஊர் நூலகத்தின் பின் அறையில். பத்துப் பதினைந்து பேர். எல்லோருக்கும் சடை. வழுக்கைக்காரர் ஒருவர் கம்பளி நூலில் சடை செய்து தொப்பியில் தைத்திருந்தார். பக்தி என்றால் அதுதான் என்று மனதுக்குள் கும்பிட்டேன். தலைமைப் பூசாரி மாதிரி இருந்தவர் மார்கரெட் என்ற அம்மாள், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நரைத்த சடையை இரண்டு சுற்றுத் தோளில் போட்டிருந்தார்.

நான் ஆங்கிலத்தில் தட்டித் தடுமாறிச் சொன்னதைச் செந்தில் சரிசெய்து சொன்னான். விளக்குமாறு பற்றிச் சொன்னபோது சிரித்தார்கள். பிரசாதம் பற்றிச் சொன்னபோது யாரோ கொண்டுவந்திருந்த ஆப்பிள் கேக்கைப் பார்த்தார்கள். "சாமிக்குக் காட்டிவிட்டா வெட்டினீர்கள்?" என்று கேட்டேன். இல்லை என்றார்கள். அடுத்த மாதம் போனபோது கேக்கை ஒரு மேஜையில் வைத்து, எல்லோரும் எழுந்து நின்று, ஒரு நிமிடம் கழித்துத்தான் வெட்டினார்கள். ஒருத்தர் அறையைக் கூட்டியிருந்தார். வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. நான் மகனை அந்த மதத்திலிருந்து இழுக்கப் போனவன். அந்த மதத்துக்கு ஆகமம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது தடவை போனபோதுதான் நான் என் வாயால் மாட்டிக்கொண்டது. கதையில் முடிச்சு மார்க்கத்தாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அவர்கள் சாமி கனவில் வந்து சரி என்று சொல்லிவிடுகிறது. கதாநாயகன் எங்கே போக நினைத்தாலும் சாமியும் அங்கேதான் போகச் சொல்கிறது. "இது சாமியா, இல்லை அவனுடைய வாயா?" என்று கேட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். மார்கரெட் அம்மாள் மட்டும் கை தட்டாமல், அமைதியாகக் கேட்டார்.

"உங்கள் சாமி உங்களிடம் எப்போதாவது முடியாது என்று சொல்லியிருக்கிறதா?"

"சொல்லும். நாங்கள் கேட்போம். பூ வைத்துக் கேட்போம்."

அதை விளக்கிச் சொன்னேன். ஊரில் பெரிய காரியம் எதற்கும் பூ கேட்பது உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒன்றுபோல மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றும் அறியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சாமி சம்மதம். சிவப்பு வந்தால் அந்தக் காரியத்தை எடுத்து வைத்துவிட வேண்டும். மறு பேச்சு கிடையாது.

திரும்பி வரும்போது செந்தில் காரை ஒரு சிக்னலில் நிறுத்தினான். பச்சை விழுவதற்குள் சொன்னான்.

"அப்ப மித்ரா முடிக்கும் கேட்டுரலாமுங்கப்பா. வெள்ளை வந்தா நானே டிக்கெட் போடறேன். சேர்வராயன் கோயிலுக்கு நானே தூக்கிட்டு வர்றேன்."

வேண்டிக்கொண்டதைக் கொடுப்பதற்குப் பூ கேட்கிற வழக்கம் எங்கே இருக்கிறது? கொடுக்கிறேன் என்று சொன்னால் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் கூட்டத்தில் அவ்வளவு பெருமை பேசிவிட்டு, கேட்கமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "கேக்கலாஞ்சாமி" என்றேன்.

5

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, சேர்வராயன் படத்துக்கு விளக்கு வைத்தேன். எங்கள் வாசலில் வெள்ளை ரோஜா உண்டு. பக்கத்து வீட்டில் கேட்டுச் சிவப்பு வாங்கிவந்தாள் சரோஜா. வாழை இலைக்கு எங்கே போவது? கேக் சுடுகிற தட்டில் விரிக்கிற தாளில்தான் மடித்தோம். சமையலறையில் மடித்துக்கொண்டிருக்கும்போது சரோஜா கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தாள்.

"ஏனுங்க, ரெண்டுலயும் வெள்ளையவே வெச்சுப்போட்டா என்னாங்க?"

"என்ன பேச்சுப் பேசற நீ?"

"வேண்டுதல முடிக்கத்தானுங்க சொல்றேன். சாமிக்குச் சேர வேண்டியத சாமிக்குக் குடுக்கறதுக்கு ஒரு பூவ மாத்துனா அவரு கோவிச்சுக்குவாராக்கும்? கொழந்தைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா யாருங்க பதில் சொல்றது?"

அவள் கண்ணில் இருந்தது எனக்கும் இருந்த பயம்தான். எனக்கும் ஆசை வந்தது, மறைக்கமாட்டேன். அப்போதுதான் அந்த ஒன்பது நிலாக் கதையில் எனக்குப் பிடிக்காதது எது என்று உறைத்தது. விளக்குமாறும் சுண்டலும் போகட்டும். அந்த எழுத்தாளர் எல்லாப் பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்துவிடுகிறார். அவர் ஆட்கள் எதை எடுத்தாலும் சம்மதம்தான். நானும் இன்றைக்கு இரண்டிலும் வெள்ளையை வைத்தால், படத்தில் இருக்கிற சேர்வராயனும் நான் எழுதிய கதைதான்.

"வேண்டாம் சரோஜா. செவப்ப எடு" என்றேன்.

கூடத்தில் செந்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ரேவதி இரவு ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு நின்றிருந்தாள். பொட்டலங்களைக் குலுக்கி விளக்குக்கு முன்னால் போட்டேன். எது எது என்று எனக்கே தெரியவில்லை. மித்ராவுக்கு அது ஒரு விளையாட்டு.

"தாத்தா, ஒண்ணுதான் எடுக்கோணுமா?"

"ஒண்ணுதான் கண்ணு."

ஒன்றைத் தொட்டாள், விட்டாள், மற்றொன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். பிரித்தேன்.

சிவப்பு.

மித்ரா, "எனக்குச் செவப்புப் புடிக்கும்" என்றாள். சரோஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் அந்த இதழ்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது, செந்தில் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அப்பா, ஊர்ல மூணு தடவ கேப்பாங்கல்லங்க? இன்னொருக்கா கேளுங்க."

"நம்மூர்ல ஒருக்காதான் சாமி."

"இல்லீங்கப்பா, கொழந்த மொதல்ல அந்தப் பொட்டலத்தத்தான தொட்டா. அதையே கணக்கு வெச்சுக்கலாம்."

"எடுத்ததுதான் கணக்கு."

வாதத்தில் ஜெயித்தவன் அவன். தோற்றவன் நான். ஆனால் அழுகிற மாதிரி இருந்தது அவன்தான். சடையை முன்னால் இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னான், "அப்பிடீன்னா என் முடியக் குடுத்தர்றேங்கப்பா. நாளைக்கே போலாம்."

அந்தச் சடையை வெட்டமாட்டானா என்று நான் எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன் என்று சரோஜாவுக்குத் தெரியும். அவள் என்னையே பார்த்தாள். சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"வேண்டாஞ்சாமி" என்றேன். "நீ எம் மூஞ்சியப் பாத்துக் குடுக்கற. அது அவருக்குச் சேராது."

அன்று சாயங்காலம் கரடியூரில் இருக்கிற என் அண்ணனுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி, இப்போது வேண்டுதல் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சத்தமாகவே கேட்டார்.

"கேட்டது நீதான?"

"நாந்தானுங்கண்ணா."

"அவரு வேண்டாம்னு சொல்லிப்போட்டாரு. அப்பறம் நீ ஏண்டா அவருக்கு மேல ஒரு சாமியா நிக்கற? உட்டுட்டு வேலையப் பாரு."

விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது. அதன் பிறகு மித்ராவுக்குக் காய்ச்சல் வந்த ஒவ்வொரு தடவையும் படத்துக்கு முன்னால் போய் நின்று, "நீதான சொன்ன, நீதான சொன்ன" என்று முனகியிருக்கிறேன். காய்ச்சல் வந்தது, போனது, எல்லாக் குழந்தைகளுக்கும் வருகிற மாதிரி. அவள் அம்மாவும் அப்பாவும் சீக்கிரம் வேலைக்குப் போய்விடுவதால் அவளுக்குச் சடை பின்னுவது இப்போது என் வேலை. முடிச்சு மார்க்கத்து முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டேன். கிவிக் கொடியைக் கம்பியில் கட்டுகிற முடிச்சுதான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

6

போன மாதம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ஊர்க்காரர் ஒருவர் அனுப்பியிருந்தார். அவருக்குச் சேலத்திலிருந்து வந்ததாம். தலைப்பு: "வெளிநாட்டில் சேர்வராயன் நிகழ்த்திய அற்புதம்". படிக்கப் படிக்க எனக்கு வியர்த்தது. நம்பிக்கை இல்லாத மகன், வேண்டுதல் வைத்த தந்தை, பூக் கேட்டல், எல்லாம் இருந்தது. குழந்தை எடுத்தது வெள்ளைப் பூ. மகன் காலில் விழுந்து கதறினானாம். அடுத்த விமானத்தில் குடும்பத்தோடு மலைக்கு வந்து எல்லோரும் மொட்டை போட்டார்களாம், சரோஜாவும் சேர்த்து. கடைசியில், பதினொரு பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும் என்று இருந்தது. அண்ணன் யாரிடமோ சொல்லி, அவர் யாரிடமோ சொல்லி, வழியில் யாரோ பொட்டலத்தை மாற்றிவிட்டார்கள். பக்தியில்தான் மாற்றியிருப்பார்கள். சரோஜா மாற்றச் சொன்னதும் பக்தியில்தானே.

செந்திலிடம் காட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "இதுல அப்பான்னு ஒருத்தரு இருக்கறாரு, அது நீங்க இல்லவே இல்லீங்களேப்பா" என்றான்.

அதனால்தான் தயக்கத்தை விட்டு இதை எழுதினேன். படிக்கிறவர்கள் விருப்பமிருந்தால் நாலு பேருக்கு அனுப்புங்கள். அனுப்பாவிட்டாலும் உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது. சேர்வராயன் அப்படிப்பட்டவர் இல்லை. என் ஆங்கிலத்தைத் திருத்தலாம், எழுத்துப் பிழையைத் திருத்தலாம், என்னைக் கேலி செய்து ஒரு வரி சேர்த்தால்கூடச் சம்மதம். அந்தப் பூவை மட்டும் தொடாதீர்கள். அது சிவப்பு.